எஞ்சினை இறக்குவதற்கு முன் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

கேள்வி: என் கணவர் காலமான பிறகு அவருடைய இசுசு எல்ஃப் லொறியை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது. 1991ஆம் ஆண்டு வண்டி, 4பீடீ1 எஞ்சின். மைத்துனர் ஓட்டுகிறார். புறக்கோட்டையிலிருந்து மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு நுவரெலியா போய், மரக்கறியோடு பேலியகொடை மெனிங் சந்தைக்குத் திரும்புவார். சில மாதங்களாகக் காலையில் ஸ்டார்ட் ஆக நெடுநேரம் எடுக்கிறது. வீட்டிலும் அப்படித்தான், மலையில் இன்னும் மோசம். முதலில் வெள்ளைப் புகை, பிறகு நீலப் புகை. கடுகண்ணாவை ஏற்றத்தில் இழுவை இல்லை, கறுப்பாகப் புகைகிறது. ஒயில் குறைகிறது, ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை. சில நாட்களில் பெற்றோல் நனைத்த துணியை எயார் கிளீனர் வாயில் பிடித்துத்தான் ஸ்டார்ட் செய்கிறார். ஒரு கராஜில் எஞ்சினை முழுவதும் இறக்கிச் செய்ய வேண்டும் என்கிறார்கள். இன்னொருவர் பஞ்சிகாவத்தையில் ஜப்பான் எஞ்சின் வாங்கி மாற்றச் சொல்கிறார். மூன்றாமவர் டீசல் பம்ப்தான் பழுது என்கிறார். சென்ற வருடம் எயார் ஹோஸ் வெடித்தபோது சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டினோம். வேறு பெரிய வேலை எதுவும் செய்யவில்லை. யார் பேச்சைக் கேட்பது? முடிவு தெரியும்வரை லொறியை ஓட்டலாமா?
வாசகி, வத்தளை

அன்புள்ள சகோதரிக்கு,

மூவரில் ஒருவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர்களில் ஒருவர்கூட எதையாவது அளந்து பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. புகையைப் பார்த்தும் சத்தத்தைக் கேட்டும் ஓர் அனுபவசாலி நல்ல ஊகத்துக்கு வர முடியும். அந்த ஊகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு குடும்பத்தின் வருமானத்தை ஊகத்தின்மேல் வைக்கக் கூடாது. அரை நாள் வேலையில் எடுக்கக்கூடிய சில அளவுகள் இருக்கின்றன. அவை கையில் கிடைக்கும்வரை யாருக்கும் முற்பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணை நிறுத்தியது புகை பற்றிய வரிகள் அல்ல. கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த சைக்கிள் டியூப் வரிதான். எயார் கிளீனருக்கும் எஞ்சினுக்கும் இடையில் உள்ள ஹோஸ் வெடித்தால், எஞ்சின் வடிகட்டாத காற்றை நேராக இழுக்கத் தொடங்கிவிடும். சுற்றிக் கட்டிய டியூப் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் தளர்ந்துவிடும். வெளியே கட்டு அப்படியே இருப்பதுபோல் தெரியும், உள்ளே இடுக்கு விழுந்திருக்கும். அதன் வழியே போகும் தூசியில் மணல் இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கையும், அது ஏறி இறங்கும் சிலிண்டரின் உள்சுவரான லைனரையும் மணல் தேய்க்கிற வேகத்தில் வேறெதுவும் தேய்ப்பதில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் பல இலட்சம் கிலோமீட்டர் ஓடக்கூடிய எஞ்சின் சில மாதத் தூசியிலேயே ரிங் போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே முதல் வேலை, இந்தக் கடிதத்தை வாசித்த அன்றே, அந்த ஹோஸை மாற்றுங்கள். அதைக் கழற்றும்போது எஞ்சின் பக்கத்துக் குழாயின் உள்சுவரில் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் பழுப்பு நிறத் தூசி ஒட்டினால் எஞ்சின் மண் தின்றிருக்கிறது என்று பொருள். இதற்கு மெக்கானிக் வேண்டாம், நீங்களே பார்க்கலாம்.

இரண்டாவது, அந்தப் பெற்றோல் துணி. மைத்துனரிடம் அன்பாகவும் உறுதியாகவும் சொல்லி நிறுத்துங்கள். டீசல் எஞ்சினில் எரிபொருள் எப்போது தீப்பிடிக்க வேண்டும் என்பதை நொசில் டீசலைப் பீச்சும் நேரம் தீர்மானிக்கிறது. காற்றோடு கலந்து உள்ளே போகும் பெற்றோல் ஆவி அந்த நேரத்துக்குக் காத்திருப்பதில்லை. பிஸ்டன் மேலேறி வரும்போதே வெடித்து அதைக் கீழே அடிக்கிறது. ரிங் உடைவதற்கும் பிஸ்டனில் ரிங் அமரும் பள்ளம் பிளப்பதற்கும் இது போதும். ஸ்டார்ட் ஆவதற்காக உள்ளே சூடேற்றும் குளோ பிளக் உள்ள எஞ்சினில் அதைச் சூடாக்கிவிட்டு இப்படிச் செய்தால் ஹோஸ் வழியே தீ வெளியே வரவும் கூடும். பிடித்திருப்பவரின் கை வெந்துவிடும்.

இனி புகைக்கு வருகிறேன். காலையில் வரும் வெள்ளைப் புகை கண்ணை எரித்து டீசல் நாற்றம் அடித்தால் அது எரியாத டீசல். தண்ணீர் குறையவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால் எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையில் இருக்கும் ஹெட் கேஸ்கட் மீதான சந்தேகத்தை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். டீசல் எரியாமல் போக இரண்டு காரணங்கள்: உள்ளே காற்று போதிய அளவு அமுக்கப்பட்டுச் சூடாகவில்லை, அல்லது நொசில் பனிபோல் தூவாமல் சொட்டுகிறது. நீலப் புகை எரிந்த ஒயில். கறுப்புப் புகை, காற்றுக்கு மிஞ்சிய டீசல். கறுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அமுக்கம் வத்தளையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே கொஞ்சம் கறுப்பாகப் புகைப்பதும், குளிர்ந்த விடியலில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும் நோய் அல்ல. றம்பொடை ஏற்றத்தில் மட்டும்தான் புகைக்கிறது என்றால் நான் பெரிதாக எடுத்திருக்க மாட்டேன். ஆனால் கடற்கரை வெக்கையில், வத்தளை வீட்டு வாசலிலேயே ஸ்டார்ட் ஆகவில்லை என்கிறீர்கள். அது நோய்தான்.

கடைசியாகப் புகைப் பரிசோதனைக்குப் போனது எப்போது என்று மைத்துனரைக் கேளுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிப்பதற்காகச் சிலர் பம்பில் டீசல் அளவைக் குறைத்துவிடுவார்கள். பரிசோதனையில் வண்டி தேறிவிடும், பிறகு யாரும் பழைய அளவுக்குத் திருப்புவதில்லை. ஏற்றத்தில் இழுவை இல்லாமல் போக அதுவும் ஒரு காரணம். உங்கள் வண்டி கறுப்பாகவும் புகைக்கிறது, இழுவையும் இல்லை என்பதால் இங்கே அது முக்கிய காரணமாக இருக்காது. ஆனாலும் கேட்டு வையுங்கள், பம்ப் கடையில் சொல்ல உதவும்.

அளவெடுக்கும் ஒழுங்கு முக்கியம். செலவு குறைந்ததிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் டீசல் லைன். தாங்கியிலிருந்து பம்ப் வரை எங்காவது காற்று நுழைந்தால் இரவில் டீசல் பின்னால் இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட்டர் சுற்றிச் சுற்றி பற்றரி இறங்கும். ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில் தற்காலிகமாக ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயைப் போட்டால் குமிழி கண்ணுக்குத் தெரியும். ஃபில்டரையும் மாற்றுங்கள். 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் பீப்பாயில் வைத்து ஊற்றிய டீசலின் அழுக்கு இன்னும் பல பழைய லொறிகளின் தாங்கியடியில் கிடக்கிறது. உங்கள் தாங்கியையும் ஒருமுறை வடித்துக் கழுவினால் நல்லது. விலை குறைவென்று யாராவது மண்ணெண்ணெய் கலந்த டீசல் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பம்புக்குள் உரசும் பாகங்களுக்கு டீசல்தான் வழுவழுப்புத் தருகிறது, மண்ணெண்ணெயில் அந்தக் குணம் இல்லை.

அடுத்து, எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் நொசில் பைப்பின் நட்டைச் சற்றுத் தளர்த்திப் பார்க்கும் சோதனை. நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் எஞ்சின் உடனே தள்ளாடும். தளர்த்தியும் மாற்றம் தெரியாவிட்டால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இதை மெக்கானிக் மட்டும் செய்யட்டும். பீச்சும் டீசலின் முன்னே விரலை வைத்தால் அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு நான்கு நொசில்களையும் கழற்றிப் பம்ப் கடையில் சோதிக்கக் கொடுங்கள். எந்த அமுக்கத்தில் திறக்கிறது, எப்படித் தூவுகிறது, மூடிய பிறகு சொட்டுகிறதா என்று உங்கள் கண்முன்னே கைப்பம்பில் அடித்துக் காட்டுவார்கள். காட்டாத கடையில் கொடுக்க வேண்டாம்.

நொசில்கள் வெளியே இருக்கும்போதே கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுக்கப்படுகிறது என்பதைப் பார்த்துவிடலாம். தீர்ப்புச் சொல்லப் போவது இந்த அளவுதான், ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். பற்றரி முழுதாக ஏறியிருக்க வேண்டும். டீசல் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றினால் நல்ல எஞ்சினும் கெட்ட எஞ்சின்போல் அளவு காட்டும். உங்கள் எஞ்சின் வகைக்கு, நல்ல நிலையில் சதுர சென்ரிமீற்றருக்கு 30 கிலோகிராம் அளவில் வரும். 22க்குக் கீழே இறங்கினால் திறந்து பார்க்க வேண்டிய நேரம். மொத்த அளவைவிட நான்கு சிலிண்டர்களுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் அதிகம் பேசும். மூன்று சிலிண்டர் 28 காட்ட ஒன்று மட்டும் 18 காட்டினால், அது முழு எஞ்சினும் தேய்ந்த கதை அல்ல. அந்த ஒரு சிலிண்டரில் வால்வோ ரிங்கோ பிழை.

குறைந்த அளவு காட்டும் சிலிண்டரில் சிறிது ஒயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் ரிங்கும் லைனரும். ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கட். இங்கேதான் பலர் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள். உங்கள் எஞ்சின் மொத்தம் 3856 சிசி. ஒரு சிலிண்டருக்கு 964. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சுகிற இடம் ஏறத்தாழ 60 சிசிதான். ஒரு தேக்கரண்டி ஒயில் 5 சிசி. அதற்கு மேல் ஊற்றினால் ஒயில் அடைத்த இடமே அளவைக் கூட்டிக் காட்டிவிடும், பிறகு ரிங் என்று முடிவு செய்து வீணாக எஞ்சினை இறக்குவார்கள். நிறைய ஊற்றிவிட்டால் பிஸ்டனைக் கீழே சுழலும் கிராங்கோடு இணைக்கும் கொன்ராட் வளையும் ஆபத்தும் உண்டு. ஒரு தேக்கரண்டிக்கு மேல் கூடாது என்று நீங்கள் பக்கத்தில் நின்றே சொல்லலாம்.

எஞ்சின் சூடாகி ஐட்லிங்கில் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய ஆவி வருவது இயல்பு. குப்குப் என்று புகை தள்ளினால், மூடியைத் தலைகீழாக வாயின்மேல் வைத்ததும் அது துள்ளி விழுந்தால், எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. கடைசியாக ஒயில் அமுக்கம்: டாஷ்போர்ட் விளக்கை நம்பாமல் ஒரு கேஜைப் பூட்டி, எஞ்சின் நன்கு சூடான பிறகு பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சிவப்பு விளக்கு எரியும்போது பெயாரிங் பெரும்பாலும் கெட்டிருக்கும். ஆயிரம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்ற பழைய கணக்குக்கு மேலே இருந்தால் கிராங்க் பக்கத்தைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டாம்.

என் ஊகம் என்னவென்று கேட்பீர்கள். தூசியால் ரிங் தேய்ந்திருக்கிறது, நொசிலும் சொட்டுகிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் முதலில் சொன்னதை எனக்கும் பொருத்திக்கொள்கிறேன்: அளந்த பிறகு வந்து என் ஊகத்தைத் தூக்கி எறிந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் மூன்றாமவர் சொன்னதே சரி. நொசில், தேவையானால் பம்ப் செய்தால் போதும். நான்கு சிலிண்டரும் இறங்கி, ஒயில் விட்டதும் ஏறினால் எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டும். அப்போது செய்வதா, வாங்கி மாற்றுவதா?

பஞ்சிகாவத்தையில் நல்ல எஞ்சின்களும் கிடைக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பல ஆண்டுகள் இந்த நாட்டில் பழைய லொறிகள் ஓடியதற்கு அந்தத் தெருக்களும் ஒரு காரணம். ஆனால் மேசையில் இருக்கும் எஞ்சினின் கடந்த காலம் உங்களுக்குத் தெரியாது. வெளியே கழுவிச் சாயம் அடித்திருப்பார்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து காட்ட வேண்டும், கம்ப்ரஷன் அளந்து காட்ட வேண்டும், இரண்டையும் கேளுங்கள். இறக்குமதி ஆவணமும் பற்றுச்சீட்டும் இல்லாமல் வாங்காதீர்கள். எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்ற வேண்டும்; கணவர் பெயரில் வண்டி இன்னும் இருக்கிறதென்றால் அதை முதலில் சரிசெய்யுங்கள். உங்கள் எஞ்சினின் பிளாக்கும் கிராங்கும் நன்றாக இருந்தால் அதையே செய்வதுதான் என் விருப்பம். அதன் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். எப்படிக் கெட்டது என்பதும் இப்போது தெரியும்.

எஞ்சினை இறக்கினால், ‘எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்று ஒரே தொகை சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். கழற்றிக் கழுவிய பிறகு அளவுகளைத் தாளில் எழுதித் தர வேண்டும். அதன் பிறகே கூலி, லேத் வேலை, சாமான் என்று தனித்தனியாக விலை பேச வேண்டும். கழற்றிய பழைய சாமான்களைத் திரும்பக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். நேர்மையான மெக்கானிக் இதைச் சந்தோஷமாகச் செய்வார்.

லைனரை மேலே, ரிங் திரும்பும் இடத்தில், இரண்டு திசையில் அளக்க வேண்டும். தூசி தேய்க்கும் இடம் அதுதான். இந்த எஞ்சினில் மெல்லிய உலர் லைனர். தண்ணீர் அதை நேரே தொடாது. அது பிளாக்கில் இறுக்கமாக ஒட்டி இருந்தால்தான் சூடு வெளியேறும். ஆகவே லைனரை வாங்கி அடித்து இறக்கினால் போதாது. பிளாக்கின் துளையையும் அளந்து பொருத்தமான லைனரை எடுக்க வேண்டும். மேலே எவ்வளவு எட்டி நிற்கிறது என்பதைத் திருத்தக் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். குரோம் பூசிய லைனர் வந்தால் அதை ஹோன் செய்யக் கூடாது, அதாவது உள்சுவரைக் கல்லால் உரசக் கூடாது. குரோம் ரிங்கும் அதற்குள் போடக் கூடாது. பெட்டியைத் திறக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

கிராங்க் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ‘எதற்கும் ஒரு 0.25 மில்லிமீற்றர் அரைத்துவிடலாம்’ என்பார்கள். அளவில் இருக்கும் கிராங்கை அரைக்கவே தேவையில்லை. புது பெயாரிங் போட்டால் போதும். மேற்பரப்பைக் கடினமாக்கிய கிராங்க் என்றால், அரைக்கும்போது அந்தக் கடினப் படலமும் போய்விடும். கையேடு அனுமதிக்கிறதா என்று பார்க்காமல் அரைக்கும் கல்லின் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஒயில் போகும் துளைகளின் அடைப்பான்களைக் கழற்றி உள்ளே தூரிகை விட்டுக் கழுவ வேண்டும். தூசி தின்ற எஞ்சினில் இந்தக் கழுவலைத் தவறவிட்டால் புதுப் பெயாரிங்கே முதலில் போகும். ஹெட்டை வெடிப்புக்குச் சோதித்த பிறகு, தட்டையாக இருந்தால் அரைக்க வேண்டாம். அரைத்தால் வால்வின் ஆழமும் நொசில் நுனி எட்டும் அளவும் மாறும்.

பூட்டும்போது ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சில கட்டங்களில், டோர்க் சாவியால் மட்டும் இறுக்க வேண்டும். வால்வ் இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.40 மில்லிமீற்றர், உள்வால்வுக்கும் வெளிவால்வுக்கும் அதேதான். பம்பின் நேரத்தைப் பழைய அடையாளக் கோட்டை மட்டும் நம்பாமல், முதல் சிலிண்டரின் டீசல் நிற்கும் இடத்தைப் பார்த்துச் சரிசெய்யட்டும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் டீசலை நிறுத்தி, கேஜில் ஒயில் அமுக்கம் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்ற வேண்டும். பிறகு மணிக்கணக்கில் ஐட்லிங்கில் விடுவது நம் கராஜ்களில் ஒரு வழக்கம். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். ரிங் லைனரோடு பொருந்துவதற்குச் சுமை வேண்டும். சும்மா ஓடினால் லைனர் கண்ணாடிபோல் பளபளப்பாகிவிடும், பிறகு புது எஞ்சினும் ஒயில் குடிக்கும். அரைச் சுமையோடு நீர்கொழும்புப் பக்கம் சில நாட்கள் ஓடட்டும். கியரைக் குறைத்து மிதமாக ஏற்றி இறக்கி ஓட்டட்டும். 500 கிலோமீட்டரில் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட் இறுக்கத்தையும் வால்வ் இடைவெளியையும் திரும்பப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகே கடுகண்ணாவை.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. ஹோஸை மாற்றிவிட்டு, அரைச் சுமையில், கொழும்பைச் சுற்றி ஓட்டலாம். மலைக்கு வேண்டாம். தினமும் காலையில் ஒயில் கம்பியைப் பாருங்கள். ஒயில் குறைந்தால் ஊற்றலாம். கூடினால் ஒயிலோடு டீசல் கலக்கிறது, அன்றே வண்டியை நிறுத்துங்கள். புகையை மறைக்கக் கெட்டியான மருந்து ஒயில் விற்பார்கள், அதற்குக் காசு செலவழிக்காதீர்கள். தேய்ந்த எஞ்சின் சில வேளை தன் ஒயிலையே இழுத்து எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பியும் நிற்காமல் வேகமெடுக்கும். அப்படி ஆனால் பிரேக்கை முழுதாக மிதித்து, மேல் கியரில் போட்டு, கிளச்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்த வேண்டும் என்பதை மைத்துனருக்கு இன்றே சொல்லிவிடுங்கள். வண்டி நின்றிருக்கும்போது நடந்தால் காற்று வாயை ஒரு பலகையால் மூட வேண்டும். கையாலோ துணியாலோ மூடக் கூடாது, இரண்டையும் உள்ளே இழுத்துவிடும். கம்ப்ரஷன் அளவு நான்கையும் எழுதி அனுப்புங்கள். செய்வதா மாற்றுவதா என்பதை அந்த எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.